லேசர் பண்ணலாமா வேணாமா: வேலூர்ல ரெண்டு இடத்துல கண்ணு செக்கப் போயிட்டு வந்த அனுபவம்

எனக்கு பவர் வலது கண்ணு மைனஸ் 6.75, இடது கண்ணு மைனஸ் 6.00, அதுக்கு மேல சிலிண்டர் (கருவிழி வளைவு சீரா இல்லாததால வர்ற பவர்) வேற. அஞ்சாவது படிக்கும்போது போர்டு தெரியலன்னு டீச்சர் சொல்லி அனுப்ப, அப்பா என்னை ஆரணி ரோட்டுல இருக்கற ஷெல் கண்ணாஸ்பத்திரிக்கு கூட்டினு போனாரு, அன்னைல இருந்து கண்ணாடி தான். இப்ப வயசு 26, வீடு வாலாஜா, ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு ஷூ கம்பெனில க்வாலிட்டி செக்கிங் வேலை. கண்ணாடி இல்லாம இருக்க கண்ணுல லேசர் பண்ணிக்கலாம்னு கெளம்பி, வேலூர்ல ரெண்டு இடத்துல செக்கப் பண்ணி, கடைசில ஒரு முடிவு எடுத்தேன். ரெண்டு இடத்தோட பேரையும் போடல. முதல் இடத்து பேர போட்டு சண்டை வளக்க விருப்பம் இல்ல, ரெண்டாவது இடத்து பேர போட்டா "அவங்க சொன்னாங்கன்னு" யாராச்சும் எதையும் விசாரிக்காம போயிடுவாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி பண்ற அந்த செக்கப் எப்படி இருக்கணும், எப்படி இருக்கக்கூடாது, அத பத்தி தான் இந்த ரிவ்யூ. ஏன்னா நம்ம காசுக்கு கிடைக்கற பெரிய பொருளே அந்த செக்கப் தான், லேசர் அதுக்கு அப்புறம் தான்னு எனக்கு இப்ப தோணுது.

ஏன் லேசர் யோசனை வந்துச்சுன்னு சொல்லிடறேன். நம்ம ஊரு வெயில் தெரியும்ல, சித்திரை வைகாசில கண்ணாடி மூக்குல நிக்காது, வேர்வைல வழுக்கினே இருக்கும், மூக்கு ரெண்டு பக்கமும் கறுத்து தழும்பாயிடுச்சு. கம்பெனில மாஸ்க் போட்டா மூச்சு ஆவி அடிச்சு கண்ணாடி மங்கிடும், கழட்டி தொடச்சி மாட்டறதுக்குள்ள லைன்ல பத்து ஜோடி போயிடும். இதெல்லாம் ஒரு பக்கம். உண்மையான காரணம் வீட்டுல வரன் பாக்க ஆரம்பிச்சது. போன தை மாசம் ஆற்காட்டுல இருந்து ஒரு வீட்டுக்காரங்க வந்தாங்க, காபி குடிச்சிட்டு போய் தரகர்கிட்ட "பொண்ணு நல்லாதான் இருக்கு, ஆனா கண்ணாடி ரொம்ப தடிமனா இருக்கே, பொறக்கற கொழந்தைக்கும் வந்துடுமே"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. அத்தை வந்து "இப்பல்லாம் பத்து நிமிஷம் தான்டி, லேசர் அடிச்சிட்டா கண்ணாடியே வேணாம், கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க"ன்னாங்க. அப்ப எனக்கும் அது சரின்னு தான் பட்டுச்சு. (லேசர் பண்ணாலும் கொழந்தைக்கு வர்ற வாய்ப்பு கொறையாது, நாம மாத்தறது நம்ம கருவிழிய, அதாவது கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியாவ தான், அது வழி வழியா வர்ற விஷயத்த தொடவே தொடாதுன்னு அப்புறம் டாக்டர் சொன்னாங்க. இத யாரும் வரன் பேசறப்ப சொல்றதில்ல.)

முதல் இடம். ஏசி ஹால், நல்லா சிரிச்சு பேசுனாங்க, 500 ரூபா ஃபீஸ், சர்ஜரி பண்ணா அதுல கழிச்சிப்போம்னாங்க. ஒரு மெஷின்ல தாடைய வெச்சு பலூன் படம் பாக்க சொன்னாங்க, இன்னொரு மெஷின்ல ஒரு லைட்ட பாக்க சொன்னாங்க, எழுத்து படிக்க சொன்னாங்க, மொத்தம் 20 நிமிஷம் கூட இல்ல. டாக்டர் உள்ள இருந்தது மூணு நிமிஷம். "எல்லாம் நார்மல், நாளைக்கே கூட பண்ணிக்கலாம்மா." வெளில வந்தா கவுன்சிலர் மேடம் லேமினேட் பண்ண ரேட் கார்ட எடுத்து வெச்சிட்டாங்க. பிளேடுல பண்றது ஒரு ரேட்டு, பிளேடு இல்லாம லேசர்லயே பண்றது ஒரு ரேட்டு, அதுக்கும் மேல ஒண்ணு. இந்த மாசம் மட்டும் ஆஃபர், இன்னைக்கு 5,000 அட்வான்ஸ் கட்டுனா 10,000 கொறையும்னாங்க. அம்மா பைல இருந்து காச எடுத்துட்டாங்க. நான் "ரிப்போர்ட் குடுங்க, அப்பா பாக்கணும்"னு கேட்டேன், "ரிப்போர்ட் சர்ஜரி பண்றவங்களுக்கு மட்டும் தான்மா குடுப்போம்"னாங்க. என் கண்ணு, என் காசு, நான் கட்டுன ஃபீஸ், ஆனா அந்த பேப்பர் எனக்கு இல்ல. அங்க தான் எனக்கு உறுத்துச்சு. அம்மா கைய புடிச்சு வெளில கூட்டினு வந்துட்டேன், பஸ் ஏறி வாலாஜா வர்ற வரைக்கும் அம்மா என்கூட பேசல.

ஒரு விஷயத்த அப்புறம் தான் கவனிச்சேன். அந்த முதல் இடத்துல யாரும் என்னை "காண்டாக்ட் லென்ஸ் போடுவியா"ன்னு கேக்கவே இல்ல. அதுக்கு முந்தின நாள் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு நான் லென்ஸ் போட்டு இருந்தேன்.

எங்க கம்பெனில ஆம்பூர்ல இருந்து வர்ற ஒரு அக்கா ரெண்டு வருஷம் முன்னாடி லேசிக்னு சொல்ற அந்த லேசர் ஆபரேஷன பண்ணிக்கிட்டாங்க, அவங்களுக்கு மைனஸ் 3.50 தான் இருந்துச்சு. லஞ்ச் டைம்ல அவங்கள உக்கார வெச்சு ஒண்ணு விடாம கேட்டேன். மரத்து போற சொட்டு மருந்து விட்டாங்களாம், இமைய மூடாம இருக்க ஒரு கம்பி மாட்டுனாங்களாம், அப்புறம் கண்ண ஒரு வளையம் வெச்சு இழுத்து புடிச்சப்ப அழுத்தம் தெரிஞ்சுதாம், கொஞ்ச நேரம் கண்ணு இருட்டாயிடுச்சாம், அதான் ரொம்ப பயந்த நேரம்னாங்க. அப்ப தான் கருவிழில ஒரு மெல்லிசு மூடி மாதிரி வெட்டி தெறக்கறாங்க, ஃபிளாப்னு பேரு. அதுக்கு கீழ லேசர் அடிக்கறப்ப டக் டக் டக்னு சத்தம், முடி கருகற மாதிரி ஒரு நாத்தம். "கண்ணு வேவுதோன்னு நெனச்சு மனசுக்குள்ள ஜலகண்டேஸ்வரர கூப்டேன்"னாங்க.

ஆனா அது வேகறது இல்லையாம். நான் அப்புறம் படிச்சு பாத்தேன், அந்த லேசர் 193 நானோமீட்டர் புற ஊதா கதிர், சுத்தி இருக்கற இடத்த சூடாக்காம படுற இடத்துல மட்டும் மூலக்கூறு பிணைப்ப ஒடச்சு சீவி எடுக்குது. இத 1981ல ஐபிஎம் ஆராய்ச்சி கூடத்துல கண்டுபுடிச்ச மூணு பேர்ல ஒருத்தரு ரங்கசாமி சீனிவாசன், நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சவரு. வீட்டுல விருந்துல மீந்த வான்கோழி கறி துண்ட எடுத்துனு போய் அதுல லேசர் அடிச்சு பாத்திருக்காரு, ஓரம் கருகாம அவ்ளோ சுத்தமா வெட்டு விழுந்திருக்கு. இத படிச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ பெருமையா இருந்துச்சு, இத ஏன் நமக்கு ஸ்கூல்ல சொல்லலன்னு இருந்துச்சு. நாத்தம் வர்றது சீவுன துணுக்கு காத்துல பறக்கறதால தான்.

அக்கா மறுநாள் காலைல எழுந்து செவுத்துல இருக்கற காலண்டர்ல தேதிய கண்ணாடி இல்லாம பாத்துட்டு அழுதுட்டாங்களாம். இன்னைக்கும் சந்தோஷமா தான் இருக்காங்க. ஆனா முதல் ஆறு மாசம் கண்ணு வறண்டு போய் மணல் விழுந்த மாதிரி இருந்துச்சு, செயற்கை கண்ணீர் சொட்டு எப்பவும் கைப்பைல இருக்கும். ஃபிளாப் வெட்டும்போது கருவிழில இருக்கற நரம்பும் சேந்து அறுந்து போவுது, அது திரும்ப வளர்ற வரைக்கும் கண்ணுக்கு "காஞ்சு போச்சு, தண்ணி விடு"ன்னு சொல்ல ஆள் இல்ல. அவங்க தான் என்கிட்ட சொன்னாங்க, "கருவிழி மேப் எடுத்தாங்களா, எத்தினி மைக்ரான் தடிமன்னு கேட்டியா, கண்ண விரிக்கற மருந்து விட்டு பின்னாடி பாத்தாங்களா"ன்னு. (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு.) மூணுக்குமே எனக்கு பதில் தெரியல.

ரெண்டாவது இடத்துக்கு நான் போனது ரெண்டு தடவ. முதல் தடவ என்னை திருப்பி அனுப்பிட்டாங்க. ரிசப்ஷன்லயே "காண்டாக்ட் லென்ஸ் யூஸ் பண்றீங்களா, கடைசியா எப்ப போட்டீங்க"ன்னு கேட்டாங்க, போன ஞாயித்துக்கெழமன்னேன், "அப்ப ரெண்டு வாரம் லென்ஸ் தொடாம இருந்துட்டு வாங்க, பழைய கண்ணாடி சீட்டு இருக்கறதெல்லாம் எடுத்துனு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. லீவு போட்டு, பஸ் புடிச்சு, வெயில்ல வந்தவள திருப்பி அனுப்பினா கோவம் வராதா, வந்துச்சு. ஆனா அது எவ்ளோ சரின்னு அப்புறம் தெரிஞ்சுது. லென்ஸ் கருவிழி மேலயே உக்காந்து அத லேசா அமுக்கி வெச்சிருக்கும், அது பழைய வடிவத்துக்கு வர நாள் ஆவும், அதுக்குள்ள அளவெடுத்தா தப்பான அளவு. தப்பான அளவ வெச்சு தெச்ச ஜாக்கெட்ட பிரிச்சு தெக்கலாம், கருவிழிய சீவிட்டா திரும்ப ஒட்ட முடியாது.

ரெண்டாவது தடவ காலைல 9 மணிக்கு போய் வெளில வரும்போது மதியம் ரெண்டு. ஃபீஸ் 1,800. கம்மி இல்ல தான். ஆனா என்னென்ன பாத்தாங்கன்னா, முதல்ல கண்ணாடி பவர், அப்புறம் கண்ணு ஓரத்துல ஒரு பேப்பர் துண்ட மாட்டி அஞ்சு நிமிஷம் கண்ண மூடி உக்கார வெச்சாங்க, கண்ணீர் எத்தினி மில்லிமீட்டர் ஊறுதுன்னு பாக்க. 5க்கு கீழ போனா ரொம்ப வறண்ட கண்ணுன்னு அர்த்தம், எனக்கு 9 வந்துச்சு, சுமார் ரகம். அப்புறம் பென்டாகாம்னு ஒரு மெஷின், உள்ள ஒரு நீல வெளிச்சம் சுத்தி வரும், கண்ணு சிமிட்டாம ரெண்டு செகண்ட் பாக்கணும், கருவிழியோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் மேடு பள்ளம் போட்டு கலர் மேப் குடுக்குது. நான் சிமிட்டிட்டேன்னு நாலு தடவ எடுத்தாங்க, அந்த டெக்னீஷியன் தம்பி ஒரு தடவ கூட சலிச்சுக்கல. இருட்டு ரூம்ல கண்பாவை எவ்ளோ விரியுதுன்னு அளந்தாங்க. கடைசியா சொட்டு மருந்து விட்டு, முக்கா மணி நேரம் கழிச்சு, டாக்டர் தலைல ஒரு லைட் மாட்டினு கண்ணு பின்னாடி இருக்கற விழித்திரைய மேல பாரு கீழ பாருன்னு சொல்லி ஓரம் வரைக்கும் பாத்தாங்க.

அந்த டாக்டரம்மா பேசுன அரை மணி நேரத்துக்காகவே இந்த ரிவ்யூ எழுதணும்னு அன்னைக்கே நெனச்சேன். ஒரு வெள்ளை பேப்பர எடுத்து என் எதிர்லயே கணக்கு போட்டாங்க. "உன் வலது கண்ணு கருவிழி நடுவுல 503 மைக்ரான். பொதுவா ஒரு 540 கிட்ட இருக்கும், உன்னது கொஞ்சம் மெல்லிசு. ஃபிளாப் வெட்ட 110 போயிடும். ஒரு பவர் கொறைக்க சுமாரா 14 மைக்ரான் சீவணும், உனக்கு சிலிண்டர் சேத்து 7.50, அப்ப 105. 503ல 110 போச்சு, 105 போச்சு, மிச்சம் எவ்ளோ சொல்லு?" நான் 288ன்னேன். "250க்கு கீழ போகவே கூடாதுன்னு பழைய கணக்கு. இப்ப 300 இருந்தா தான் எங்களுக்கு மனசு நிம்மதி. 288 பாத்தா பரவால்லன்னு தோணும். ஆனா இத பாரு." மேப்ப திருப்பி காட்டுனாங்க. கீழ் பாதில கொஞ்சம் செவப்பா இருந்துச்சு. அந்த எடம் மத்த எடத்தை விட லேசா துருத்தினு இருக்காம். "இது நோயின்னு சொல்ல மாட்டேன். ஆனா சந்தேகம். கெரட்டோகோனஸ்னு ஒண்ணு இருக்கு, கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளும். அது வரக்கூடிய கண்ணுல தெரியாம லேசிக் பண்ணா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு கூட கருவிழி தாங்காம துருத்த ஆரம்பிச்சிடும். அப்ப கண்ணாடி போட்டாலும் சரியா தெரியாது. நீ கண்ண கசக்குவியா?"

கசக்குவேன். சின்ன வயசுல இருந்தே. அலர்ஜி, அதுவும் கம்பெனில தோல் தூசி, பசை சொல்யூஷன் நெடி, சாயங்காலம் ஆனா ரெண்டு கையாலயும் நல்லா அழுத்தி கசக்குனா தான் சுகமா இருக்கும். அம்மா பக்கத்துலயே இருந்தாங்க, "ஆமா டாக்டர், திட்டினே இருப்பேன்"னாங்க. டாக்டர் அப்ப தான் குரல கொஞ்சம் ஏத்துனாங்க, "இன்னைல இருந்து கண்ண கசக்கவே கூடாது, லேசர் பண்றியோ இல்லையோ, இத மட்டும் எனக்கு செய்"னு. அலர்ஜிக்கு சொட்டு மருந்து எழுதி, குளிர்ந்த தண்ணில துணி நனைச்சு ஒத்தி எடுக்க சொன்னாங்க.

இன்னொண்ணும் இருந்துச்சு. பழைய சீட்டுல போன வருஷம் வலது கண்ணு 6.00. இப்ப 6.75. ஒரு வருஷத்துல அரை பவருக்கு மேல மாறி இருந்தா பவர் இன்னும் நிக்கலன்னு அர்த்தம், நிக்காத பவருக்கு லேசர் அடிச்சா திரும்ப கண்ணாடி வந்துடும். 18 வயசு ஆயிட்டா போதும்னு எல்லாரும் சொல்றாங்க, 18ங்கறது வெளி வாசல் மட்டும் தான், பவர் நின்னுச்சாங்கறது தான் உள்ள போற சீட்டு. முதல் இடத்துல பழைய சீட்டையே யாரும் கேக்கல.

மத்த வழிங்க என்னன்னும் நான் கேட்டேன், ஏன்னா அத்தை விட மாட்டாங்க. ஃபிளாப் இல்லாம மேல் தோல மட்டும் எடுத்துட்டு லேசர் அடிக்கற பிஆர்கே இருக்கு, அதுல கருவிழி மிச்சம் ஆவும், ஆனா மூணு நாலு நாள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கு ஆவும், பெரிய பவருக்கு கருவிழில லேசா புகை படிஞ்ச மாதிரி வர வாய்ப்பு உண்டு. ஸ்மைல்னு ஒண்ணு, சின்ன ஓட்டை வழியா உள்ள இருந்து ஒரு மெல்லிசு தகட்ட வெளில எடுக்கறது, ஃபிளாப் இல்லாததால வறட்சி கொஞ்சம் கம்மி, ஆனா தடிமன் கணக்கு அதுலயும் கிட்டத்தட்ட அதே தான். மேப்புல சந்தேகம் இருக்கற வரைக்கும் இது மூணுமே எனக்கு வேணாம்னுட்டாங்க. கடைசியா ஐசிஎல், கருவிழிய சீவாம கண்ணுக்குள்ளயே ஒரு லென்ஸ் வெக்கறது. அதுக்கு உள்ள இடம் இருக்கணும், எனக்கு 3.1 மில்லிமீட்டர் இருக்கு, பத்தும். வேணாம்னா எடுத்துடலாம்ங்கறது நல்லது. ஆனா அது கண்ணுக்குள்ள பண்ற ஆபரேஷன், வருஷா வருஷம் செக்கப் கண்டிப்பா போகணும், செலவு அங்க சொன்னது ரெண்டு கண்ணுக்கும் சேத்து ஒண்ணரை லட்சத்துக்கு மேல.

இன்ஷூரன்ஸ்ல வருமான்னு அப்பா கேட்டாரு. நம்ம நாட்டு மெடிக்ளைம் பாலிசிங்கள்ல பொதுவா ஒரு விதி இருக்கு, பவர் 7.5 டயாப்டருக்கு (பவர அளக்கற அலகு) கீழ இருந்தா பார்வை சரி பண்ற செலவு கெடைக்காது. எனக்கு 6.75. கைக்காசு தான்.

விழித்திரை செக்கப்ல ஒரு விஷயம் வெளில வந்துச்சு, இது தான் எனக்கு அந்த 1,800 ரூபாய்க்கு கெடைச்சதுலயே பெருசு. இடது கண்ணு ஓரத்துல விழித்திரை ஒரு எடத்துல மெலிஞ்சு இருக்கு, லாட்டிஸ்னு சொன்னாங்க. மைனஸ் பவர் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு கண்ணு உருண்டை கொஞ்சம் நீளமா இருக்கும், பலூன இழுத்த மாதிரி பின்னாடி விழித்திரையும் இழுபட்டு ஓரத்துல மெலியும். இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேணாம், வருஷம் ஒரு தடவ பாக்கணும், திடீர்னு மின்னல் மாதிரி வெட்டுனா, கருப்பு புள்ளிங்க கொத்தா பறந்தா, ஓரத்துல திரை விழுந்த மாதிரி இருந்தா அன்னைக்கே ஓடி வரணும்னாங்க. கவனிங்க, லேசிக் பண்ணி கண்ணாடி போயிட்டாலும் இந்த நீளமான கண்ணு அப்படியே தான் இருக்கும். முன்னாடி ஜன்னல் கண்ணாடிய மாத்துறோம், பின்னாடி செவுரு அதே செவுரு. கண்ணாடி போச்சு, இனி கண்ணு டாக்டர்கிட்ட போவ வேணாம்னு நெனைக்கறவங்க எங்க கம்பெனிலயே நாலு பேர் இருக்காங்க, அவங்கள நெனச்சா எனக்கு இப்ப கவலையா இருக்கு.

ராத்திரி வண்டி ஓட்டறவங்க இத படிங்க. எனக்கு ஷிப்ட் முடிஞ்சு ஸ்கூட்டில வர்றப்ப பத்து மணி ஆயிடும், சென்னை பெங்களூர் ஹைவேல எதிர்ல வர்ற லாரிங்க எல்லாம் ஹைபீம் தான். லேசிக்குக்கு அப்புறம் லைட்ட சுத்தி வளையம், லைட்டுல இருந்து ஊசி ஊசியா கெளம்பறது, இதெல்லாம் வரலாம்னு சொல்றாங்களேன்னு கேட்டேன். டாக்டர் மறைக்கல. அமெரிக்காவுல மருந்து, மருத்துவ கருவிகள கண்காணிக்கற எஃப்டிஏ முன்ன நின்னு நடத்தி 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல, ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த தொந்தரவும் இல்லாதவங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல ஆளுங்களுக்கு மூணாவது மாசம் வளையம், கண் கூச்சம், ரெட்டையா தெரியறது, இப்படி ஏதாவது ஒண்ணு புதுசா வந்திருக்கு. அதே ஆய்வுல, அதனால வேலை செய்யவே ரொம்ப கஷ்டமா இருக்குன்னு சொன்னவங்க 1 சதவீதத்துக்கும் கம்மி, பெரும்பாலானவங்க பார்வைல திருப்தியா தான் இருக்காங்க. ரெண்டையும் சேத்து தான் சொல்லணும். முதல் இடத்துல இருந்த போர்டுல பின்பாதி மட்டும் பெருசா எழுதி இருந்தாங்க.

இப்ப நான் யாருமே சொல்லாத ஒண்ணு சொல்றேன், இது நானே யோசிச்சு கண்டுபுடிச்சது, டாக்டரும் ஆமான்னாங்க. என் வேலை ஷூ அப்பர்ல, அதாவது ஷூவோட மேல் பாகத்துல, தையல் பாக்கறது, ஒரு இன்ச்சுக்கு எத்தினி தையல், நூல் அறுந்திருக்கா, ஊசி ஓட்டை தப்பா விழுந்திருக்கான்னு. சந்தேகம் வந்தா நான் கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு ஷூவ மூக்கு கிட்ட கொண்டு வருவேன். மைனஸ் 6.75க்கு கண்ணாடி இல்லாம சரியா தெரியற தூரம் சுமார் 15 சென்டிமீட்டர், அந்த தூரத்துல எனக்கு நூலோட முறுக்கே தெரியும், மத்தவங்க பூதக்கண்ணாடி வெச்சு பாக்கறத நான் வெறுங்கண்ணால பாப்பேன். லேசர் பண்ணா இது போயிடும். 40 வயசு தாண்டுனா எல்லாருக்கும் கிட்ட பார்வை கொறையும், லேசிக் பண்ணவங்களுக்கும் அப்ப படிக்க கண்ணாடி வரும், மைனஸ் பவர் இருக்கறவங்க கண்ணாடிய கழட்டி படிச்சிக்கலாம், அந்த வசதியும் போயிடும். அம்மா இப்ப ஊசில நூல் கோக்க என்னை தான் கூப்பிடறாங்க.

ஆறு மாசம் கழிச்சு திரும்ப வர சொன்னாங்க, போனேன். கசக்கறத விட்டுட்டேன், அது சாதாரண வேலை இல்ல, ராத்திரி தூக்கத்துல கை போவும்னு முதல் மாசம் சாக்ஸ் மாட்டினு படுத்தேன். மேப் அப்படியே இருந்துச்சு, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. பவரும் மாறல. டாக்டர் சொன்னது, "லேசிக் வேணாம்ங்கறதுல நான் மாறல. ஐசிஎல் உன் இஷ்டம், அவசரம் இல்ல." நான் வேணாம்னு முடிவு பண்ணேன். வீட்டுல அந்த 503, 110, 105 கணக்கு போட்ட பேப்பர அப்பாகிட்ட குடுத்தேன், அவரு பெல் கம்பெனில பிளேட் தடிமன் பாத்து ரிட்டயர் ஆனவரு, பேப்பர ரெண்டு தடவ பாத்துட்டு "மெட்டல்லயே இந்த அளவு சீவ மாட்டோம்"னு சொல்லி மடிச்சு குடுத்துட்டாரு. அத்தைகிட்ட அம்மாவே பேசிட்டாங்க. "கண்ணாடி போட்ட பொண்ணு வேணும்ங்கறவன் வருவான், இல்லனா கண்ணாடிய பாக்கறவன் நமக்கு வேணாம்"னு அம்மா வாயில இருந்து வரும்னு நான் நெனச்சதே இல்ல, அடுப்படில நின்னு கேட்டுனே இருந்தேன்.

கண்ணாடிய மட்டும் மாத்தினேன். 1.67 இன்டெக்ஸ்னு ஒரு மெல்லிசு ரக லென்ஸ், சின்ன பிரேம், ஓரம் பாதி தான் தடிமன், ரெண்டும் சேத்து 7,400 ஆச்சு. பிரேம் சின்னதா இருந்தா மைனஸ் லென்ஸோட தடி ஓரம் வெட்டுல போயிடும், இத கடைக்காரரு சொல்ல மாட்டாரு, பெரிய பிரேம் தான் எடுத்து வெப்பாரு.

ரெண்டாவது இடத்துலயும் கொறை இல்லாம இல்ல. காத்திருக்கற ஹால்ல நாற்காலி பத்தல, கொழந்தை வெச்சிருந்த ஒரு அம்மா ஒரு மணி நேரம் நின்னாங்க. டோக்கன் நம்பர கூப்பிடறது காதுல விழல, கண்ணுக்கு மருந்து விட்டு மங்கலா இருக்கறவங்கள போர்டுல நம்பர பாக்க சொன்னா எப்படி தெரியும், இத நான் அங்க புகார் நோட்டுல எழுதிட்டு தான் வந்தேன். மருந்து விட்டு வெளில வந்தா மத்தியான வெயில்ல கண்ணே தெறக்க முடியல, துப்பட்டாவ தலைல இழுத்து போட்டுனு அம்மா கைய புடிச்சு தான் புது பஸ் ஸ்டாண்டு வந்தேன். தனியா போவாதீங்க, வண்டி எடுத்துனும் போவாதீங்க, சாயங்காலம் வரைக்கும் கிட்ட இருக்கற எழுத்து தெரியாது.

நான் வேணாம்னு முடிவு பண்ணதால நீங்களும் வேணாம்னு சொல்லல. ஆம்பூர் அக்காவுக்கு 3.50, கருவிழி 550 சொச்சம், மேப் சுத்தம், அவங்களுக்கு அது நல்ல முடிவு. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க இப்ப போவாதீங்க, அப்ப பவர் மாறும். போலீஸ், ராணுவம்னு யூனிபார்ம் வேலைக்கு தயாராவற தம்பிங்க, நேதாஜி ஸ்டேடியத்துல காலைல ஓடறவங்கள நெனச்சு சொல்றேன், சில வேலைக்கு லேசர் பண்ண கண்ண எடுக்க மாட்டாங்க, நோட்டிபிகேஷன முழுசா படிச்சிட்டு அப்புறம் கண்ணுல கை வைங்க. செக்கப் போனா இத கேளுங்க: என் கருவிழி எத்தினி மைக்ரான், சீவுன அப்புறம் எத்தினி மிச்சம், மேப்புல சந்தேகம் உண்டா, விழித்திரை ஓரம் பாத்தீங்களா. பதில நம்பரா சொல்ல சொல்லுங்க. ரிப்போர்ட்ட கைல வாங்காம அட்வான்ஸ் கட்டாதீங்க. பண்ணிக்கிட்டாலும் அந்த ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சிருங்க, வயசான காலத்துல புரை ஆபரேஷன் பண்றப்ப உள்ள வெக்கற லென்ஸ் பவர் கணக்கு பண்ண பழைய கருவிழி அளவு தேவப்படும்.

என்னோட ஃபைல் பீரோல டென்த் மார்க் ஷீட்டுக்கு கீழ இருக்கு. அடுத்த செக்கப் பொங்கல் கழிச்சு, இடது கண்ணு ஓரத்துல இருக்கற அந்த மெலிஞ்ச எடத்துக்காக.